பிலோமினாவின் மகன்

2008 டிசம்பர் 14, தர்மபுரம்

விடிந்ததிலிருந்து மழை. பங்கருக்குள் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். பிலோமினாவும் நானும் மாறி மாறி வாளியால் இறைத்தோம். உள்ளே இருக்கும் இரண்டு பிள்ளைகளையும் வெளியே எடுக்கவும் பயம், தண்ணீருக்குள் விடவும் மனமில்லை. கடைசியில் ஆஸ்பத்திரியில் மருந்து வந்த மரப்பெட்டிகள் இரண்டை உள்ளே இறக்கி, அவற்றின் மேல் குந்தியிருக்கச் சொன்னோம். ஒன்றில் என் மகள் ஆரணி, மற்றதில் பிலோவின் மகன் றெக்சன்.

பங்கர் வாசலை மூடி விறகு அடுக்கி, மேலே தறப்பாள் போட்டிருக்கிறோம். வழியால் போகிறவர்களுக்கு அது மழைக்கு மூடிய விறகு.

இயக்கம் சண்டைக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்கிறது. ஆரணிக்குப் பதினேழு, அவனுக்குப் பதினெட்டு. இரண்டு வீட்டிலும் வேறு பிள்ளை இல்லை. ஆரணியின் அப்பா சிறுநீரகம் பழுதாகிப் போய்ச் சேர்ந்து ஆறு வருடம். ஆஸ்பத்திரியில் நான் மருந்து கொடுக்கிறேன், பிலோ வார்டில் வேலை. ஆரணி பிறந்த கையோடு எனக்கு மலேரியா வந்து நினைவில்லாமல் கிடந்தபோது, றெக்சனுக்குக் கொடுத்த மிச்சப் பாலை ஆரணிக்குக் கொடுத்தவள் பிலோதான். கிளிநொச்சியை விட்டு வெளிக்கிடும்போதும் ஒரே லாண்ட்மாஸ்டர் ட்ரக்டரில் ஏறினோம்.

"உன்ர பிள்ளை, என்ர பிள்ளை எண்டு பிரிக்காத மலர். ஒண்டைப் பிடிச்சா ரெண்டையும் பிடிச்ச மாதிரித்தான்" என்றாள் இன்று, சேற்றோடு நின்றபடி.

2008 டிசம்பர் 19

முன் வளவில் இருந்த பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தாய் வாகனத்துக்கு முன்னால் படுத்தாள். தூக்கி ஓரத்தில் கிடத்திவிட்டுப் போனார்கள். நாங்கள் கதவுச் சேலையை இழுத்துவிட்டோம்.

2008 டிசம்பர் 25

நத்தார். பிலோ கோதுமை மாவில் சீனி போட்டு ரொட்டி சுட்டாள். அவள் கணவர் சவிரிமுத்து அண்ணன் விறகுக்குப் பக்கத்தில் குந்தி, தணிந்த குரலில் பங்கருக்குள் கேட்கும்படி செபம் சொன்னார். இடையில் அவருக்கு இழுப்பு வந்துவிட்டது. ஆஸ்மாக்காரர், மழைக்காலம் ஒத்துக்கொள்ளாது.

உள்ளே இரண்டு பேரும் எதற்கோ சிரித்தார்கள். சத்தம் வெளியே கேட்கிறது என்று ஏசினேன். ஆரணி இப்போதெல்லாம் அதிகம் முறைப்பாடு செய்வதில்லை. பழகிவிட்டாள் போலிருக்கிறது.

2009 ஜனவரி 5, விசுவமடு

மறுபடி இடம்பெயர்வு. பிள்ளைகளை மெத்தைகளுக்குக் கீழே படுக்கவைத்து மேலே சட்டி பானை ஏற்றினோம். வழி நெடுகச் செல் குண்டுச் சத்தம். சவிரிமுத்து அண்ணன் புதுப் பங்கர் வெட்டத் தொடங்கினார். பாதியில் மூச்சு முட்டியது. இருட்டியபின் றெக்சன் வெளியே வந்து மிச்சத்தை வெட்டினான்.

2009 ஜனவரி 12

இன்று வந்தார்கள். நாலு பேர், எல்லாம் இளம் பெடியள். வீட்டைச் சுற்றிப் பார்த்தார்கள், விறகையும் பார்த்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. பிலோவின் குடும்ப அட்டையை வாங்கிப் பார்த்த பெடியன், "மகன் எங்கயம்மா?" என்று கேட்டான்.

"மன்னாரில, சொந்தக்காரரோட."

"அப்ப ஐயா எங்களோட வரட்டும். பிள்ளையைக் கொண்டுவந்து தந்திட்டுக் கூட்டிக்கொண்டு போங்கோ."

மரியாதையாகத்தான் சொன்னான். சவிரிமுத்து அண்ணன் கொடியில் கிடந்த சேட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு அவர்களுடன் போனார். மருந்து உறிஞ்சும் குழலை மறந்துவிட்டுப் போய்விட்டார். நான் பின்னால் ஓடிப்போய்க் கொடுத்தேன்.

என் அட்டையை அவர்கள் கேட்கவில்லை. ஏனென்று தெரியாது.

2009 ஜனவரி 14

பொங்கல். பொங்கவில்லை.

அண்ணனை முன்னரங்கில் மண் அணை கட்ட விட்டிருக்கிறார்களாம். பார்த்துவிட்டு வந்த ஒருவர், உதடு நீலமாகிக் கிடக்கிறார் என்றார். பிலோ நிலத்தில் குந்தித் தலையில் அடித்துக்கொண்டாள்.

"ரெண்டு உயிரில ஒண்டை நான் எடுத்துக் குடுக்கவேணும் மலர். எதை நான் குடுக்கிறது?"

"அவர் பெரிய ஆள், தாங்குவார். பெடியனைக் குடுத்தால் திரும்பி வரமாட்டான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. நான் சொன்னதில் பிழை இல்லை. றெக்சனை ஒப்படைக்கப் போனால் எங்கே ஒளித்திருந்தான் என்று கேட்பார்கள், தேடி வருவார்கள். பிறகு ஆரணி?

2009 ஜனவரி 17

காலை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு மத்தியானம் வந்தேன். விறகு விலகியிருந்தது. ஆரணி இல்லை.

றெக்சன் பங்கருக்குள் முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தான். கூப்பிட்டேன், உலுப்பினேன், நிமிரவில்லை. பிலோ வாசலில் நின்று, "வந்தவங்கள் மலர். கண்டிட்டாங்கள்" என்றாள்.

ரோட்டுக்கு ஓடினேன். அவர்களுடைய முகாம் வாசலில் பொழுதுபடும்வரை நின்றேன். அப்படி ஒரு பெயரில் யாரும் வரவில்லை என்றார்கள். காலில் விழுந்தேன். ஒரு பெண் போராளி என்னைத் தூக்கிவிட்டு, தண்ணீர் தந்து, போகச் சொன்னாள்.

திரும்பி வந்தபோது சவிரிமுத்து அண்ணன் வீட்டில் இருந்தார். விட்டுவிட்டார்களாம்.

2009 ஜனவரி 18

றெக்சன் அந்த நேரம் பின் பற்றைக்கு ஒதுங்கப் போயிருந்தானாம். அதனால் தப்பினானாம். பிலோ சொன்னாள்.

விறகு உதைத்துத் தள்ளியபடி கிடக்கவில்லை. ஒரு பக்கமாக எடுத்து அடுக்கியிருந்தது.

2009 ஜனவரி 23

தண்ணீர் அள்ளும் இடத்தில் பக்கத்து வளவு இராசம்மா அக்காவைக் கண்டேன். ஆரணியைப் பிடித்த கதையைச் சொன்னேன். "சனிக்கிழமையோ? அண்டைக்கு நான் முழுக்க வாசலிலதான் இருந்தனான் பிள்ளை. எங்கட ஒழுங்கைக்கு ஒருத்தரும் வரேல்லையே" என்றார்.

வயதானவர். மறந்திருப்பார்.

இரவு பிலோ சோறு போட்டுத் தந்தாள். சாப்பிட்டேன்.

2009 பெப்ரவரி 3, சுதந்திரபுரம்

செல். வேறு ஒன்றும் எழுத இல்லை.

2009 பெப்ரவரி 16, இரணைப்பாலை

ஆரணியைக் கண்டேன்.

பெண் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு ட்ரக்டர் போனது. தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருந்தார்கள். ஆனாலும் கழுத்தைக் கண்டு அடையாளம் பிடித்துவிட்டேன். பெயர் சொல்லிக் கத்திக்கொண்டு பின்னால் ஓடினேன். அவள் என்னைப் பார்த்தாள், பிறகு முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஓடும்போது விழுந்து காலில் தகரம் வெட்டிவிட்டது. றெக்சன் எங்கிருந்தோ வந்து என்னை முதுகில் தூக்கிக்கொண்டு கொட்டிலுக்கு வந்தான். பிடித்துவிடுவார்கள் என்ற பயம்கூட இல்லாமல் பகலில், ரோட்டால் வந்தான். "கண்டனீங்களோ அன்ரி? எப்பிடி இருக்கிறாள்?" என்று வழி முழுக்கக் கேட்டான். அவன் முதுகு விம்மிக்கொண்டிருந்தது. என் பாரம் தாங்காமல் என்று நினைக்கிறேன்.

2009 மார்ச் 9, மாத்தளன்

கடலுக்கும் களப்புத் தண்ணீருக்கும் நடுவில் மணல். அதன்மேல் இத்தனை சனம். பங்கர் வெட்டினால் சரிகிறது. சேலைகளைத் தைத்து மண் நிரப்பி அடுக்கியிருக்கிறோம். என் சேலைகளையெல்லாம் தைத்தாயிற்று. றெக்சன் முதலில் என் பக்கத்துக்கு அடுக்கினான், பிறகுதான் தாய் தகப்பன் பக்கத்துக்கு.

கஞ்சி வாங்கி வந்தால் பிலோ எனக்கு அடிக்கட்டியாய் ஊற்றுகிறாள். தனக்கு மேல் தண்ணீர். முன்பென்றால் ஏசியிருப்பேன். இப்போது வாங்கிக் குடித்துவிடுகிறேன்.

பிரிந்து போய் வேறு இடத்தில் இருக்கலாம் என்று நினைப்பேன். தனியாக இருந்தால் காயம் பட்டாலும் தூக்க ஆளில்லை.

2009 மார்ச் 26

சவிரிமுத்து அண்ணன் செத்துவிட்டார். பால்மா கொடுக்கிறார்கள் என்று கேட்டு வரிசைக்குப் போனவர். செல் விழுந்தபோது ஆள் ஓடவில்லையாம், மூச்சு இழுத்துக்கொண்டு நின்றாராம். றெக்சனும் நானும் இழுத்து வந்தோம். பாயும் இல்லை, உரப்பையால் சுற்றிக் கொட்டிலுக்குப் பின்னால் குழி வெட்டித் தாட்டோம். பிலோ செபம் சொல்லத் தொடங்கி, நடுவில் சொற்கள் மறந்துபோய் நின்றாள். மகன் எடுத்துக் கொடுத்தான்.

நானும் அழுதேன். அழும்போதே, இந்த மனுசனுக்காகவா என் பிள்ளையைக் கொடுத்தாள், இவர் இரண்டு மாதம் இருந்து போவதற்கா என்று ஓடியது. மண் போடும்போதும் அதேதான் ஓடியது.

2009 மார்ச் 31

பிலோ பக்கத்தில் வந்து இருந்தாள்.

"மலர், ஆரணியைப் பற்றி ஒண்டு சொல்லவேணும்."

"வேண்டாம்."

"நீ நினைக்கிற மாதிரி…"

"நான் ஒண்டும் நினைக்கேல்லை. எனக்கு ஒண்டும் சொல்லாத."

எழும்பி வெளியே போய்விட்டேன். மன்னிப்புக் கேட்பாள். கேட்டால் நான் என்ன சொல்வது? அவளுக்குப் பக்கத்தில்தான் படுக்கவேண்டும், அவள் ஊற்றும் கஞ்சியைத்தான் குடிக்கவேண்டும்.

2009 ஏப்ரல் 12

மறுபடியும் சொல்ல வந்தாள். காதைப் பொத்திக்கொண்டேன், சின்னப் பிள்ளை மாதிரி. செல் விழுந்தது, இரண்டு பேரும் பங்கருக்குள் குதித்தோம். பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

2009 ஏப்ரல் 23, செட்டிகுளம் முகாம்

நேற்று எழுத முடியவில்லை.

இருபதாம் திகதி காலை ஆமி மாத்தளனுக்குள் வந்துவிட்டது. சனத்தோடு சனமாகக் களப்புக்குள் இறங்கினோம். கழுத்தளவு தண்ணீர். றெக்சன் ஒரு கையால் தாயையும் மற்றக் கையால் என்னையும் பிடித்துக்கொண்டு வந்தான். ஒரு இடத்தில் நான் தலை மூடத் தாண்டு போனேன். அவன் தாயின் கையை விட்டுவிட்டு என்னைத் தூக்கினான். பிலோ தானாக எப்படியோ கரை ஏறினாள்.

வெயிலில் இருத்தினார்கள், பஸ்ஸில் ஏற்றினார்கள், திரும்பவும் ஒரு பெரிய வெளியில் இறக்கினார்கள். அங்கே ஒலிபெருக்கியில் தமிழில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் வந்து பதியவேண்டும், விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்று. பிள்ளைகள் எழும்பிப் போனார்கள். தாய்மார் பின்னால் போனார்கள்.

எங்கள் வரிசை வந்தது. றெக்சனின் சேட்டைக் கழற்றச் சொன்னார்கள். தோளில் செல் துண்டு பட்ட காயம் இருந்தது, மாத்தளனில் பட்டது. தமிழ் கதைக்கிற அதிகாரி ஒருவர் அதைத் தொட்டுப் பார்த்தார்.

"சண்டையில பட்டதா?"

"இல்லை சேர், கொட்டிலில இருக்கேக்க" என்றான்.

பிலோ முன்னால் வந்து கும்பிட்டாள். "ஐயா, என்ர பிள்ளை ஒரு நாளும் இயக்கத்தில இருக்கேல்லை. பங்கருக்குள்ள ஒளிச்சு வைச்சிருந்தனான். கர்த்தர் மேல சத்தியம்."

"எல்லா அம்மாவும் இதுதான் சொல்றாங்க. வேற யாருக்குத் தெரியும்?"

அவள் என் கையைப் பிடித்து இழுத்தாள். "இவவுக்குத் தெரியும். இவ ஆஸ்பத்திரியில வேலை செய்தவ, அரசாங்கச் சம்பளம் எடுத்தவ. நாங்கள் ஒண்டாத்தான் இருந்தனாங்கள். சொல்லு மலர்."

அதிகாரி என்னைப் பார்த்தார். "இவன் இயக்கத்தில இருந்தவனா?"

வெயில். இரண்டு நாள் தண்ணீர் இல்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. றெக்சன் என்னைப் பார்த்து லேசாகத் தலையசைத்தான், பயப்படாதீங்கோ அன்ரி என்பதுபோல.

எனக்குத் தெரியாது என்றேன்.

அதிகாரி பக்கத்தில் நின்ற ஆமிக்காரனுக்குக் கையைக் காட்டினார். றெக்சனை மற்றப் பக்கம் நின்ற பஸ்ஸுக்குக் கூட்டிப்போனார்கள். சேட்டைப் போட விடவில்லை, கையிலேயே வைத்திருந்தான். பிலோ பஸ்ஸின் பின்னால் ஓடினாள். பிறகு திரும்பி வந்து என் பக்கத்தில் இருந்தாள். என்னை ஒன்றும் கேட்கவில்லை.

நான் பொய் சொல்லவில்லை. இரவுகளில் அவன் வெளியே போய் வந்திருக்கிறான். எங்கே போனான் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியும் என்று சொல்லி, பிறகு ஏதாவது வந்தால் என்னையும் அல்லவா ஏற்றியிருப்பார்கள்? ஆரணி வந்தால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்? விசாரித்துவிட்டு அனுப்புவோம் என்றுதானே சொன்னார்கள்.

2009 ஏப்ரல் 30

கூடாரத்தில் எங்களோடு இன்னும் இரண்டு குடும்பம். வேறு கூடாரம் கேட்டுப் பார்த்தேன். ஒரே பதிவில் வந்தவர்கள் ஒன்றாகத்தான் இருக்கவேண்டும் என்றார்கள்.

2009 மே 8

பிலோ விடிய எழும்பி முள்ளுக்கம்பி வாசலுக்குப் போகிறாள். கண்ட ஆமிக்காரனிடமெல்லாம் மகனின் பெயரைச் சொல்கிறாள். மதியம் வந்து படுக்கிறாள். நான் தண்ணீர் எடுத்து வைத்தால் குடிப்பாள். ஏசினாள் என்றால் எனக்கும் பதில் இருக்கிறது. ஏசுவதாக இல்லை.

2009 மே 19

யுத்தம் முடிந்துவிட்டது என்றார்கள். கம்பிக்கு வெளியே வெடி கொளுத்தினார்கள். வெடிச்சத்தம் கேட்டுக் கூடாரத்திலிருந்த சின்னப் பிள்ளைகள் குப்புற விழுந்து படுத்தார்கள். நானும் படுத்தேன்.

2009 ஜூன் 11

ஆரணி வந்துவிட்டாள்.

கடைசி நாட்களில் உடுப்பை மாற்றிக்கொண்டு யாரோ ஒரு குடும்பத்தோடு வட்டுவாகல் பாலத்தால் வந்திருக்கிறாள். இத்தனை நாளும் மற்ற வலயத்து முகாமில் இருந்திருக்கிறாள். பதிவில் என் பெயரைக் கண்டு மாறி வந்தாள். தலைமயிர் காது வரைக்கும் வளர்ந்திருக்கிறது. இயக்கத்தில் இருந்ததை யாருக்கும் சொல்லக்கூடாது. கூடாரத்தில் மற்றவர்களுக்கு, காணாமல் போன பிள்ளை கிடைத்தது என்று மட்டும் சொன்னேன்.

எலும்பும் தோலுமாக இருக்கிறாள். மடியில் போட்டுத் தடவிக்கொண்டே இருந்தேன். பிலோ வாசலுக்குப் போயிருந்தாள்.

"பிலோ அன்ரி ஆக்கள் எங்க அம்மா? றெக்சன் எங்க?"

"அவளின்ர கதையை எடுக்காத. உன்னைக் காட்டிக் குடுத்தவள்."

ஆரணி எழும்பி இருந்துவிட்டாள். "ஆர் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? எனக்குத் தெரியும்."

"அம்மா, என்னை ஒருத்தரும் பிடிக்கேல்லை. நானாத்தான் போனனான்."

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். தகப்பன் சாகப்போகிறார் என்று கேட்ட நாளிலிருந்து றெக்சன் போகப்போகிறேன் என்று நின்றானாம். பெடியளை ஒரு கிழமையில் சண்டைக்கு விடுகிறார்கள், தன்னை என்றால், என்னோடு ஆஸ்பத்திரிக்கு வந்து பழகியதில் மருந்து தெரியும் என்று மருத்துவப் பிரிவில் விடுவார்கள் என்று ஆரணி நினைத்தாளாம். அன்று காலை அவன் கண்ணயர்ந்த நேரம் வெளியே வந்து, முகாமுக்குப் போய், அட்டையில் பதியாத சவிரிமுத்துவின் மகள் என்று வேறு பெயர் சொல்லித் தன்னை ஒப்படைத்தாளாம். நான் ஆரணி என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு அந்த வாசலிலேயே நின்றிருக்கிறேன்.

"அன்ரி கண்டவவோ, நீ போறதை?"

"விறகை எடுத்துவிட்டது அவதான்."

"வேண்டாமெண்டு சொல்லேல்லையோ?"

"முதல் சொன்னவ. பிறகு சொல்லேல்லை." என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாட்டச் சொல்லவேண்டாம், பிடிச்சுக்கொண்டு போனதெண்டு சொல்லுங்கோ எண்டு நான்தான் சத்தியம் வாங்கினன். எனக்குப் பதிலா நீங்கள் வந்து நிண்டால் பொய் பிடிபட்டிடும் எண்டு பயம். நீங்கள் ரோட்டால ஓடி வரேக்க நான் முகத்தைத் திருப்பினதும் அதுக்குத்தான்."

பிறகு மறுபடியும் கேட்டாள். "றெக்சன் எங்க அம்மா?"

அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். எனக்குத் தெரியாமல் பங்கருக்குள் என்னவெல்லாம் நடந்திருக்கிறது.

அந்த நேரம் பிலோ வந்தாள். ஆரணியைக் கண்டு வாசலிலேயே நின்றுவிட்டாள். ஆரணி ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தாள். பிலோ அவள் முதுகைத் தடவினாள். தலையைப் பிடித்து உற்றுப் பார்த்து, கட்டைமயிரைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டாள். மகனை அந்தப் பெரிய வெளியில் வைத்துப் பிடித்ததை அவள்தான் சொன்னாள். காயத்தைப் பார்த்துச் சந்தேகப்பட்டுவிட்டார்கள் என்றாள்.

"அவன் இயக்கத்தில இருக்கேல்லையே அன்ரி."

"ஓம் பிள்ளை."

ஆரணி என் பக்கம் திரும்பினாள். "அம்மா, நீங்கள் பக்கத்தில நிண்டனீங்கள்தானே? உங்களைக் கேக்கேல்லையோ? நீங்கள் சொல்லேல்லையோ?"

மற்றக் குடும்பத்துப் பிள்ளை ஒன்று எங்கள் நடுவால் ஓடிப்போனது. நான் வாயைத் திறந்தேன்.

"அம்மா சொன்னவ" என்றாள் பிலோமினா. "எத்தினையோ தரம் சொன்னவ. காலில விழுந்து கேட்டவ. அவங்கள் கேக்கேல்லை பிள்ளை."

சொல்லிவிட்டு அவள் என்னைப் பார்க்கவில்லை. மூலையில் கிடந்த தண்ணீர்க் கானை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

ஆரணி வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். "நீங்கள் பாவம் அம்மா" என்றாள். நான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.